அவர்மீது கேண்மையா, அவரோடு கேண்மையா?

கேள்வி: சிவகங்கை மாவட்டத்தில் ஒரு பள்ளியில் தமிழாசிரியையாகப் பணியாற்றுகிறேன். எங்கள் பள்ளிக்கும் யாழ்ப்பாணத்துப் பள்ளி ஒன்றுக்கும் இடையே மாணவர் கடிதங்களும் நூல்களும் சில ஆண்டுகளாகப் போய் வருகின்றன. அதை முன்னிட்டு வெளியிடும் மலருக்கான முன்னுரையில் ‘அப்பள்ளியின் மீது நாங்கள் கொண்டுள்ள கேண்மை’ என்று எழுதினேன். கேண்மை என்பது தனிமனிதர் நட்பைத்தான் குறிக்கும், ‘உறவு’ என்று மாற்றுங்கள் என்கிறார் தலைமையாசிரியர். மலர்க் குழுவினர் ஒருவர் ‘பரஸ்பரக் கேண்மை’ என்று திருத்தியிருக்கிறார். அட்டையில் ‘யாதும் ஊரே யாவரும் கேளீர்’ என்ற வரி வருகிறது. கேண்மைக்குச் சரியான பொருள் என்ன? அதை எவ்வாறு ஆள வேண்டும்? மலர் விரைவில் அச்சுக்குப் போகிறது.

பதில்:

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு வணக்கம்.

அச்சுக்குப் போகும் நாள் நெருங்கிவிட்டதால், முன்னுரைக்கு முன்பாக அட்டையைப் பார்த்துவிடுவோம். அங்கே இருக்க வேண்டிய சொல் ‘கேளிர்’ என்பதாகும்; ‘கேளீர்’ அன்று. புறநானூற்றின் 192ஆம் பாட்டில் கணியன் பூங்குன்றனார் பாடியது ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்றே. மகளிர், பெண்டிர் என்பவற்றைப் போலக் கேளிர் என்பதும் பலரைக் குறிக்கும் பெயர்ச்சொல்; கேள் ஆனவர்கள், அதாவது உறவானவர்கள் என்பது பொருள். ‘ளி’ நெடிலாகி ‘ளீ’ ஆனவுடன் அது வினைச்சொல்லாக மாறி, ‘கேளுங்கள்’ என்று ஏவுகிறது. எல்லாரும் எமக்கு உறவினர் என்று சொன்ன புலவரை, எல்லாரும் நான் சொல்வதைக் கேளுங்கள் என்று சொன்னவராக ஆக்கிவிடுகிறோம். இப்பிழை இத்தனை பரவியதற்கு ஒரு காரணம் உண்டு. கேளிர், கேளீர் இரண்டும் நேர்நேர் என்றே அசை பிரிவதால், பாட்டின் ஓசை எங்கும் தட்டுவதில்லை. காது ஏற்றுக்கொண்டதைக் கண்ணும் ஏற்றுக்கொண்டுவிடுகிறது. மேடைகளிலும் நுழைவாயில்களிலும் அழைப்பிதழ்களிலும் இப்பிழையைக் காணும்போதெல்லாம் எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. ஆகவே, அருள்கூர்ந்து இன்றே அச்சகத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் மற்ற ஐயங்களுக்கான விடையும் இந்தக் கேளிரிலேயே இருக்கிறது. ‘கேள்’ என்ற பெயர்ச்சொல்லோடு ‘மை’ என்னும் பண்புப்பெயர் விகுதி சேர்ந்ததே கேண்மை. நாள், மலர் இரண்டும் சேர்ந்து நாண்மலர் ஆவதைப் போல, மகரம் வந்தவிடத்து ளகரம் ணகரமாகத் திரிந்தது. காதால் கேட்பதையும் வினவுவதையும் குறிக்கும் வினைச்சொல்லும் இதே வடிவில் இருப்பதால் மாணவர்கள் குழம்புவார்கள். இரண்டையும் ஒரே அடியில் வைத்துக் காட்டும் குறள் ஒன்று உண்டு. வகுப்பில் அதைச் சொன்னால் குழப்பம் தீரும். ‘கேளிழுக்கம் கேளாக் கெழுதகைமை வல்லார்க்கு’ என்று தொடங்கும் 808ஆம் குறளில், முதலில் வரும் கேள் நண்பர். அடுத்து வரும் ‘கேளா’ என்பது, அந்த நண்பர் செய்த பிழையைப் பிறர் எடுத்துச் சொன்னாலும் காதில் வாங்காமை.

இனித் தலைமையாசிரியரின் மறுப்பு. கேண்மைக்கு நட்பு என்று அகராதியில் பொருள் இருப்பது உண்மை. ஆனால் அந்தப் பொருள் சொல்லின் ஒரு பகுதியை மட்டுமே காட்டுகிறது. கேள் என்பது யார் யாரையெல்லாம் சுட்டியிருக்கிறது என்று பார்த்தால் அதன் அகலம் புலப்படும். ‘எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்’ என்று குறுந்தொகையின் 40ஆம் பாட்டில் தலைவன் கேட்கும்போது, என் தந்தையும் உன் தந்தையும் எந்த முறையில் சொந்தம் என்பதே கேள்வி. அங்கே கேளிர் இரத்த உறவினர். அதே நூலின் 280ஆம் பாட்டில் ‘கேளிர் வாழியோ கேளிர்’ என்று தலைவன் விளிப்பது தன் தோழர்களை. ‘கண்அன்ன கேளிர் வரின்’ என்று 1267ஆம் குறளில் ஒரு பெண் சொல்லும்போது, அது பிரிந்து சென்ற கணவனைக் குறிக்கிறது. கேள்வன் என்ற சொல்லுக்கே கணவன் என்ற பொருள் உண்டு. பூங்குன்றனார் வாக்கிலோ உலகத்தார் அனைவருமே அதற்குள் வந்துவிடுகிறார்கள். சொந்தம், தோழமை, இல்லறம், உலகு ஆகிய இத்தனை இடங்களிலும் நின்ற ஒரு சொல்லிலிருந்து பிறந்த பண்புப்பெயரை, தனிமனிதர் இருவரின் நட்பு என்ற ஒரு மூலைக்குள் ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அவருக்கு எடுத்துக்காட்ட 519ஆம் குறளே போதும். ‘வினைக்கண் வினையுடையான் கேண்மைவே றாக நினைப்பானை நீங்கும் திரு’ என்பது அரசனுக்கும் அவனிடம் பணிபுரிபவனுக்கும் உள்ள தொடர்பைப் பற்றியது. இடைவிடாமல் தன் கடமையில் முயல்பவன் அந்த உரிமையால் அரசனுக்கு உறவினனைப் போல நடந்துகொள்வான். அதைத் தவறாக எண்ணும் அரசனை விட்டுத் திருமகள் நீங்குவாள் என்று பரிமேலழகர் விளக்குகிறார். பதவியின் வழியாக, பணியின் வழியாக, ஒரு பொறுப்பின் பேரில் ஏற்பட்ட தொடர்பையும் வள்ளுவர் கேண்மை என்று சொல்லியிருக்கிறார் என்றால், நூலும் கடிதமும் பரிமாறிக்கொள்ளும் இரண்டு பள்ளிகளுக்கு அச்சொல் பொருந்தாது என்று எப்படிச் சொல்ல முடியும்?

இங்கு இன்னொரு தவறான எண்ணத்தையும் விலக்கிவிட வேண்டும். கேண்மை உயர்ந்தது, நட்பு அதற்கு ஒரு படி தாழ்ந்தது என்று சிலர் பாடம் சொல்கிறார்கள். ‘நிறைநீர நீரவர் கேண்மை பிறைமதிப் பின்னீர பேதையார் நட்பு’ என்ற 782ஆம் குறளையும், ‘மருவுக மாசற்றார் கேண்மை’ என்று தொடங்கி ‘ஒருவுக ஒப்பிலார் நட்பு’ என்று முடியும் 800ஆம் குறளையும் மட்டும் படித்தால், நல்லவர் தொடர்பு கேண்மை என்றும் அல்லாதவர் தொடர்பு நட்பு என்றும் வருவதால், அப்படித்தான் தோன்றும். ஆனால் 106ஆம் குறளில் ‘மாசற்றார் கேண்மை’, ‘துன்பத்துள் துப்பாயார் நட்பு’ என இரண்டுமே போற்றத்தக்கவர்களுக்கு உரியனவாக நிற்கின்றன. ‘பண்பிலார் கேண்மை பெருகலிற் குன்றல் இனிது’ என்று 811ஆம் குறளும், ‘இனம்போன்று இனமல்லார் கேண்மை’ என்று 822ஆம் குறளும் தீயோர் தொடர்புக்கும் அதே சொல்லைத் தருகின்றன. ஆகவே கேண்மை தன்னளவில் நல்லதும் அன்று, தீயதும் அன்று. யாருடைய கேண்மை என்பதைக் கொண்டே அதன் தரம் தெரியவரும். உங்கள் முன்னுரையில் அதை ஓர் உயர்ந்த அணிச்சொல்லாகக் கருதாமல், பொருளுள்ள சொல்லாகவே ஆளுங்கள்.

இப்போது நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் இடத்துக்கு வருகிறேன். உங்கள் தொடரில் திருத்தப்பட வேண்டியது கேண்மை அன்று; அதற்கு முன்னால் நிற்கும் ‘மீது’ தான். தமிழில் மனத்தின் சார்பைக் காட்டும் சொற்கள் இரண்டு வகையாக நடக்கின்றன. அன்பு, பற்று, மதிப்பு, சினம், ஐயம் முதலியன ஒருவரிடமிருந்து கிளம்பி மற்றவரைச் சென்று சேர்வன; மற்றவருக்கு அது தெரியாமலேகூட இருக்கலாம். எனவே அவற்றோடு ‘மீது’, ‘மேல்’, ‘இடம்’, ‘பால்’ போன்ற சொற்களும் உருபுகளும் பொருந்துகின்றன. நட்பு, கேண்மை, பகை, பேச்சு, ஒப்பந்தம் முதலியன இருவர் இருந்தால் மட்டுமே நிகழ்வன. அவற்றுக்கு இயல்பாக அமைவது ‘ஓடு’ அல்லது ‘உடன்’. இருவரையும் சமமாக வைத்துச் சொல்லும்போது ‘இடையே’. ‘எனக்கு அவர்மீது அன்பு உண்டு’ என்று சொல்லும் எவரும் ‘எனக்கு அவர்மீது நட்பு உண்டு’ என்று சொல்வதில்லை. சொன்னால் கேட்பவருக்கு ஏதோ இடறும். நட்புக்கு இடறுவது கேண்மைக்கும் இடற வேண்டும். ஆனால் அந்தச் சொல் பேச்சில் இல்லாததால், நம் காது அதற்குப் பழகவில்லை. எழுதும்போது கை தவறிவிடுகிறது.

இது நான் புதிதாக வகுத்த விதி அன்று. ‘உடம்பொடு உயிரிடை என்னமற் றன்ன மடந்தையொடு எம்மிடை நட்பு’ என்ற 1122ஆம் குறளைப் பாருங்கள். உடம்போடும் உயிருக்கு இடையிலும், மடந்தையோடும் எமக்கு இடையிலும் என்று ‘ஒடு’, ‘இடை’ ஆகிய இரண்டையும் இணைத்தே அந்தத் தொடர்பைச் சொல்லுகிறார் வள்ளுவர். நிலத்தினும் பெரிது, வானினும் உயர்ந்தது, நீரினும் ஆழமானது என்று அளந்து பார்த்துச் சொல்லும் குறுந்தொகையின் 3ஆம் பாட்டும், ‘பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே’ என்றே முடிகிறது. அந்தத் தலைவி ‘நாடன்மேல் அன்பே’ என்று பாடியிருந்தால் அவள் மனநிலை மட்டும் நமக்குத் தெரிந்திருக்கும். ‘நாடனொடு நட்பே’ என்று பாடியதால், தன் காதலுக்கு மறுபுறத்திலும் ஒருவன் உறுதியாக நிற்கிறான் என்று தோழிக்குச் சொல்லிவிடுகிறாள். அந்தப் பாட்டின் முழு நம்பிக்கையும் ‘ஒடு’ என்ற ஓர் உருபில்தான் தங்கியிருக்கிறது என்பேன்.

காமம் ஒருதலையாக இருக்க முடியும். ‘ஒருதலையான் இன்னாது காமம்’ என்று குறள் (1196) அதைப் பற்றி வருந்துகிறது. இலக்கணம் அதற்குக் கைக்கிளை என்று தனிப்பெயரும் வைத்திருக்கிறது. ஒருதலைக் கேண்மை என்று ஒன்றை நான் எங்கும் கண்டதில்லை. ஒரு பக்கம் விலகிவிட்டால் கேண்மை என்ற பெயரே அதை விட்டு நீங்கிவிடும்.

‘புரையோர் கேண்மை’ என்று நற்றிணையின் முதற்பாட்டில் கபிலர் பாடுகிறாரே, ‘பேதையார் கேண்மை’ என்று குறளில் வருகிறதே, அங்கெல்லாம் ‘ஓடு’ இல்லையே என்று உங்கள் குழுவில் எவரேனும் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அங்கே மற்றொருவர் சொல்லாமலே உணரப்படுகிறார். அந்த மற்றவர் யார் என்பதை உரையாசிரியர்கள் இடம் பார்த்து வருவித்துக்கொள்கிறார்கள். ‘பெரிதினிது பேதையார் கேண்மை பிரிவின்கண் பீழை தருவதொன் றில்’ என்ற 839ஆம் குறளுக்கு, பேதைகள் தங்களுக்குள் கொண்ட நட்பு என்றும், பிரிந்தால் அது இருவருக்கும் துன்பம் தராது என்றும் பரிமேலழகர் பொருள் காண்கிறார். பாட்டில் இல்லாத ‘இருவருக்கும்’ என்ற சொல்லை உரையில் சேர்க்காமல் அவரால் அந்தக் கேண்மையை விளக்க முடியவில்லை.

‘ஓடு’ பற்றி இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். முன்னுரை எழுதும் உங்களுக்கு அது பயன்படும். ‘ஒருவினை ஒடுச்சொல் உயர்பின் வழித்தே’ என்பது தொல்காப்பியம். இருவர் சேர்ந்து ஒரு செயலைச் செய்யும்போது, உயர்ந்தவரின் பெயரை ஒட்டியே ‘ஒடு’ வரும். ஆசிரியரோடு மாணவர் வந்தனர் என்பது மரபு. மாணவரோடு ஆசிரியர் வந்தார் என்றால் நடை சற்றே கோணுகிறது. இன்றைய வழக்கு இதை முழுவதும் பின்பற்றுவதில்லை. ஆயினும் ‘அப்பள்ளியோடு எங்கள் பள்ளி கேண்மை கொண்டது’ என்று எழுதும்போது, மற்றவரை உயர்த்தி நம்மைப் பின்னே நிறுத்தும் பணிவு இலக்கணத்திலிருந்தே கிடைத்துவிடுகிறது. ‘எங்கள் பள்ளியோடு அப்பள்ளி கேண்மை கொண்டது’ என்று திருப்பி எழுதிப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். விருந்துக்கு அழைத்தவர்களே தங்களைப் புகழ்ந்துகொள்வது போல ஆகிவிடும்.

‘பரஸ்பர’ என்ற அடைமொழி வேண்டாம். அது வடசொல் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நெடுநாளாகத் தமிழில் புழங்கும் சொல் அது. உதவி, நம்பிக்கை, குற்றச்சாட்டு ஆகியவை ஒரு பக்கமாகவும் இருக்க முடியும் என்பதால் ‘பரஸ்பர நம்பிக்கை’, ‘பரஸ்பரம் குற்றம் சாட்டினர்’ என்று சொல்ல வேண்டிய தேவை எழுகிறது. கேண்மைக்குள் இருபுறமும் முன்பே அடங்கிவிட்டதால், அங்கே அந்த அடைமொழிக்குச் செய்வதற்கு வேலை இல்லை. ‘பரஸ்பர நட்புறவு’ என்று செய்தித்தாள்களில் வருவதும் இதே மிகைதான். மலரில் வேறெங்கேனும் இருபுறச் செயலைச் சொல்ல நேர்ந்தால், மாணவர்களுக்கு ‘ஒருவருக்கொருவர்’, ‘ஒருவரையொருவர்’ என்றும், பள்ளிகளுக்கு ‘ஒன்றுக்கொன்று’, ‘ஒன்றையொன்று’ என்றும் எழுதுங்கள். ‘இரு பள்ளிகளும் ஒருவருக்கொருவர் நூல்களை அனுப்பின’ என்று திணை மயங்கி எழுதுவதைப் பல விழா மலர்களில் திருத்தியிருக்கிறேன்.

நம் ஊர்ப் பேச்சையும் நினைத்துப் பாருங்கள். இரு குடும்பங்களுக்கு உள்ள நெருக்கத்தைச் சொல்ல வரும் பெரியவர்கள் ‘அவங்களோட எங்களுக்குக் கொள்வினை கொடுப்பினை உண்டு’ என்பார்கள். முறிந்துபோனதைச் சொல்ல ‘போக்குவரத்து இல்லை’ என்பார்கள். கொள்வதும் கொடுப்பதும், போவதும் வருவதும் இணையாகவே வருகின்றன. ஒன்றை விட்டு ஒன்றைச் சொல்வதில்லை. சம்பந்தி என்ற முறைப்பெயரில் இது இன்னும் தெளிவு. பெண்ணின் பெற்றோருக்கு மாப்பிள்ளையின் பெற்றோர் சம்பந்தி என்றால், அவர்களுக்கு இவர்களும் சம்பந்தியே. மேல் கீழ் என்பது அந்தச் சொல்லில் இல்லை. கேண்மை ஏட்டில் மட்டும் வாழ்கிறது என்று சொன்னாலும், அதன் இலக்கணம் இப்படிப் பேச்சில் உயிரோடுதான் இருக்கிறது.

கேண்மையை ‘வழங்குவது’ என்ற புதிய வழக்கையும் தவிர்த்துவிடுங்கள். ‘தங்கள் மேலான கேண்மையை எங்களுக்கு வழங்கியமைக்கு நன்றி’ என்று நன்றியுரைகளில் எழுதுகிறார்கள். ஆதரவை வழங்கலாம், நிதியை வழங்கலாம். அவை ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குப் போகக்கூடியவை. கேண்மையைக் கொள்ளலாம், தேர்ந்து கொள்ளலாம், மருவலாம், மறவாதிருக்கலாம், பொருந்தாதபோது விட்டுவிடலாம். இந்த வினைகள் எல்லாம் குறளிலேயே அதனோடு வருகின்றன.

கொடுப்பவர், பெறுபவர் என்ற நிலைக்குத் தாழ்ந்துவிட்ட உறவை நம் முன்னோர் எப்படிக் கண்டார்கள் என்பதற்குப் புறநானூற்றின் 74ஆம் பாட்டைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சோழன் செங்கணானிடம் தோற்றுக் குடவாயிற்கோட்டத்துச் சிறையில் கிடந்த சேரமான் கணைக்கால் இரும்பொறை, தண்ணீர் கேட்டுப் பெறாமல், காலம் தாழ்த்திக் கிடைத்த நீரை உண்ணாது உயிர்விட்டபோது பாடியதாக அதன் அடிக்குறிப்பு கூறுகிறது. சிறை வைத்தவர்களை அவன் ‘கேளல் கேளிர்’ என்கிறான். கேள் அல்லாத கேளிர், உறவு ஆகாத உறவினர். பகைவர் என்று ஒரே சொல்லில் சொல்லியிருக்கலாம். அவ்வாறு சொல்லாமல், கேண்மைக்கு உரிய நடத்தை இல்லாதவரிடம் அதன் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருப்பதன் கொடுமையை இரண்டு சொற்களில் வைத்தான். கேண்மை என்பதை எளிதாக எழுதும் நாம் அந்தப் பாட்டை ஒருமுறை படித்திருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

‘உறவு’ என்று மாற்றலாமா என்றால், தவறில்லை. ஆனால் உறவு இன்று மிகப் பரந்த சொல்லாகிவிட்டது. உறவு சீர்கெட்டது, உறவு கசந்தது, தூதரக உறவு என எல்லா நிலைக்கும் பயன்படுகிறது. நல்லதைச் சொல்ல ‘நல்லுறவு’ என்றோ ‘நட்புறவு’ என்றோ அடைமொழி சேர்க்க வேண்டியிருக்கிறது. என் கருத்து, இடம் நோக்கி இரண்டையும் பிரித்துக்கொள்வதே. இரு பள்ளிகளும் கையொப்பமிடும் எழுத்து ஆவணம் இருந்தால், அதில் கேண்மை வேண்டாம். அங்கே யார் என்ன செய்வார் என்பது தெளிவாக இருக்க வேண்டும், ஆகவே ‘ஒத்துழைப்பு’, ‘பரிமாற்றம்’ போன்ற சொற்களே போதும். அந்த ஆவணத்தை இங்கே புரிந்துணர்வு ஒப்பந்தம் என்பார்கள், இலங்கையில் புரிந்துணர்வு உடன்படிக்கை என்பதும் வழக்கில் உண்டு. இரு தரப்பும் கையொப்பமிடுவதால், எந்தப் பெயர் என்பதை அவர்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள். முன்னுரையிலோ, நீங்கள் முதலில் எழுதிய கேண்மையே இருக்கட்டும்.

தொடரை இப்படி அமைக்கலாம்: ‘யாழ்ப்பாணத்துப் பள்ளியோடு எங்கள் பள்ளி கொண்டுள்ள கேண்மை, இரண்டு ஊர் மாணவர்களின் எழுத்தாக இம்மலரில் வெளிப்படுகிறது.’ முன்னுரை ‘நாங்கள்’ என்று பேசுவதால் இங்கே ‘ஓடு’ பொருத்தம். மலரின் உள்ளே, இரு பள்ளிகளையும் வெளியிலிருந்து பார்த்து எழுதும் கட்டுரை ஏதேனும் இருந்தால் ‘இரு பள்ளிகளுக்கும் இடையே நிலவும் கேண்மை’ என்று எழுதலாம். சந்தியையும் ஒருமுறை சரிபாருங்கள். ‘கேண்மை கொண்டது’, ‘கேண்மை பூண்டது’ என்பவை ‘ஐ’ உருபு மறைந்து நிற்கும் இரண்டாம் வேற்றுமைத் தொகை, ஒற்று மிகாது. ‘கேண்மையைக் கொண்டது’ என்று உருபு விரிந்தால் மிகும். ‘கேண்மைச் சிறப்பிதழ்’ என்று மலருக்குப் பெயர் வைப்பதானால் ‘ச்’ கட்டாயம் வேண்டும். இந்த மூன்றும் அச்சுப்படி பார்க்கும்போது எளிதில் தவறிப்போகும் இடங்கள்.